1 ஜிபி மெய்நிகர் சேவையகத்தில் ஆவண உருவாக்கம் சில நாள்களில் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது

கேள்வி (கோத்தகிரி, பள்ளி ஆசிரியர்)

வணக்கம். நீலகிரியில் கட்டற்ற மென்பொருளில் ஈடுபாடு கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து எழுதிய சில பைத்தான் தொகுப்புகளுக்கான ஆவணங்களை, மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் சேவையகத்தில் வைத்திருக்கிறோம். 1 ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு, டெபியன் 12. ஆவணங்களை ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணமாக்கக் கருவி உருவாக்குகிறது; என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சேவையக மென்பொருள் வழங்குகிறது. நாள்தோறும் நண்பகல் 12 மணிக்கு க்ரான் என்ற நேரங்காட்டிக் கருவி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். அது கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்திலிருந்து மாற்றங்களை இழுத்து, பழைய எச்டிஎம்எல் கோப்புறையை அழித்து, ஸ்பிங்க்ஸை ஓட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டும். அந்நேரத்தில் எங்களில் யாராவது ஒருவர் கணினி முன் இருப்போம் என்பதால்தான் நண்பகலைத் தேர்ந்தெடுத்தோம்.

ஐப்பசி தொடங்கியதிலிருந்து, வாரத்தில் ஓரிரு நாள் இந்த உருவாக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. பைத்தான் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. க்ரான் அனுப்பும் மின்னஞ்சலின் கடைசி வரியில் ‘கில்டு’ (வலிந்து நிறுத்தப்பட்டது) என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. வெளியேறும் எண் 137. அன்று தளத்தைத் திறந்தால் பெரும்பாலான பக்கங்களுக்கு 404 (பக்கம் இல்லை) வருகிறது. ஆனால் அதே கிட் நிலையை மாலையில் கையால் ஓட்டினால் 9 நிமிடங்களில் ஒரு குறையும் இல்லாமல் முடிகிறது. வட்டில் 11 ஜிபி காலியாக இருக்கிறது. மெய்நிகர் சூழலை அழித்துப் புதிதாக அமைத்தும் பார்த்துவிட்டேன்.

இதை அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியின் மேல் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். ஆகவே மாணவர்கள் இணைப்பு இருக்கும்போது ஜிப் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாதபோது படிக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவி, வீட்டில் ஜன்னலோரத்தில் மட்டும் கிடைக்கும் சிக்னலில் கைப்பேசியை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்து இறக்கிய கோப்பில், முகப்புப் பக்கமும் பொருளடக்கமும் இருந்தன. எந்த இணைப்பைத் தொட்டாலும் உள்ளே ஒன்றும் இல்லை. அது எங்கள் தவறு. அதனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு சரிசெய்ய விரும்புகிறேன்.

பதில் 1 (கூடலூர்)

ஆசிரியருக்கு வணக்கம். 1 ஜிபி போதாது என்றே தோன்றுகிறது. 2 ஜிபி திட்டத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இராது என நினைக்கிறேன்.

கேட்டவர்

நன்றி தம்பி. மாறத் தயங்கவில்லை, ஆனால் நினைவகம் போதாது என்றால் மாலையிலும் நிற்க வேண்டுமல்லவா? அது புரியாமல் கூடுதல் வாடகை கட்ட மனம் வரவில்லை.

பதில் 2 (குன்னூர், சேவையக நிர்வாகி)

ஆசிரியரே, உங்கள் ஐயம் சரியானது. 137 என்பது 128-உடன் 9-ஐக் கூட்டிய எண். அதாவது, ஒன்பதாம் சமிக்ஞையால் அந்தச் செயல்முறை வலிந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. யாரும் கையால் நிறுத்தவில்லை என்றால், நினைவகம் தீர்ந்தபோது இயங்குதளத்தின் மையமான கெர்னலே நிறுத்தியிருக்க வேண்டும். ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கெர்னல் பதிவுகளுக்கு மட்டும் ஓட்டி, தோல்வியுற்ற நாள்களில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: கெர்னல் பெரும்பாலும் அந்த நொடியில் அதிக நினைவகம் வைத்திருக்கும் செயல்முறையைத்தான் தேர்ந்தெடுக்கும். நிறுத்தப்பட்டது ஸ்பிங்க்ஸ் என்பதால் நெருக்கடியை உண்டாக்கியதும் ஸ்பிங்க்ஸ்தான் என்று ஆகிவிடாது. ஆகவே அதே நேரத்தில் வேறு என்ன ஓடியது என்பதே கேள்வி.

மூன்று விவரங்கள் தேவை. ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) இருக்கிறதா? இது கேவிஎம் வகையா (தனிக் கெர்னல் கொண்ட முழு மெய்நிகர் கணினி), கொள்கலன் வகையா (கெர்னலைப் பகிர்ந்துகொள்வது)? தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இயங்குகிறதா, இயங்கினால் எத்தனை மணிக்கு?

கேட்டவர்

அந்த வரி இருக்கிறது அம்மா. நான் நாட்குறிப்பில் எழுதி வைத்த 7 தோல்விகளுக்கும் இருக்கிறது. ஸ்வாப் இல்லை. கேவிஎம் வகை. தானியங்கிப் புதுப்பிப்பு இயங்குகிறது, ஆனால் அது காலை 6 மணிக்கு என்று அதைத் தொடங்கிவைக்கும் டைமர் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் உருவாக்கமோ நண்பகலில்.

பதில் 2 (குன்னூர்)

அந்த 6 மணி யாருடைய 6 மணி என்று பாருங்கள். வாடகைச் சேவையகங்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வருகின்றன. க்ரானில் நண்பகலுக்கு நீங்கள் 6:30 என்று எழுதியிருந்தால் உங்களுடையதும் அப்படித்தான். யுடிசி காலை 6 மணி என்பது நமக்கு முற்பகல் 11:30. அதோடு, டெபியனின் அந்த டைமரில் 60 நிமிடங்கள் வரையிலான தற்செயல் தாமதம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உலகிலுள்ள எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் புதுப்பிப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக. ஆகவே புதுப்பிப்பு, நம் நேரப்படி 11:30-க்கும் 12:30-க்கும் இடையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிமிடத்தில் தொடங்கும். நிறுவ வேண்டியது எதுவும் இல்லாத நாளில் விரைவில் முடிந்துவிடும். இருக்கும் நாளில், குறிப்பாகப் புதிய கெர்னல் வந்து இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பைக் கட்ட வேண்டியிருந்தால், நினைவகத்தை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். உங்கள் 9 நிமிடங்களும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாள்களில்தான் ஸ்பிங்க்ஸ் நிறுத்தப்படுகிறது என்பது என் கணிப்பு. மாலையில் நிற்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டைமர் பதிவுகளை உங்கள் நாட்குறிப்போடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

புதுப்பிப்பை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். பொதுவெளியில் நிற்கும் சேவையகத்துக்கு அது கதவின் தாழ்ப்பாள்.

கேட்டவர்

ஒப்பிட்டேன். 7-இல் 6 நாள்கள் அப்படியே பொருந்துகின்றன. ஒரு நாள் 6:27-க்கும் இன்னொரு நாள் 6:33-க்கும் புதுப்பிப்பு தொடங்கியிருக்கிறது. ஏழாவது நாளில் புதுப்பிப்பு ஏதுமில்லை. அன்று எங்கள் மாணவர் ஒருவர், க்ரான் ஓட்டும் நேரம் நண்பகல் என்பதை அறியாமல், அதே ஸ்கிரிப்டைக் கையாலும் ஓட்டியிருக்கிறார். யுடிசி கணக்குப் போட்டுத்தான் க்ரானில் 6:30 என்று எழுதினேன். அதே கணக்கை டைமருக்குப் போட வேண்டும் என்று இத்தனை நாளும் தோன்றவேயில்லை.

பதில் 3 (உதகை)

குன்னூர் அம்மா சொன்னதோடு என் பங்கைச் சேர்க்கிறேன். நினைவகச் சிக்கல் ஒன்று. மாணவி கையில் வெறும் கோப்பு கிடைத்தது வேறொன்று. இரண்டாவதுக்குக் காரணம் ஸ்கிரிப்ட். முதலில் அது பழையதை அழித்துவிடுகிறது. ஆகவே உருவாக்கம் நல்லபடியாக நடக்கும் நாளிலும் தளம் 9 நிமிடங்கள் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்து, ஸ்பிங்க்ஸ் தோற்ற பிறகும் ஸ்கிரிப்ட் நிற்காமல் போய், பாதிக் கோப்புறையை ஜிப் கட்டிவிடுகிறது. தொடக்கத்தில் ‘செட் ஹைஃபன் ஈ’ என்ற வரியைச் சேர்த்தால் ஒரு கட்டளை தோற்றவுடன் அங்கேயே நின்றுவிடும்.

அழிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் தேதியைப் பெயராகக் கொண்ட புதிய கோப்புறையில் உருவாக்குங்கள். என்ஜின்எக்ஸ் பார்க்கும் பாதை, ‘நடப்பு’ என்ற பெயருள்ள ஒரு குறியீட்டு இணைப்பாக இருக்கட்டும். எச்டிஎம்எல், ஜிப் இரண்டும் முடிந்த பிறகு, புதிய கோப்புறையைச் சுட்டும் இணைப்பைத் தற்காலிகப் பெயரில் அமைத்து, எம்வி கட்டளையை பெரிய எழுத்து ‘டி’ விருப்பத்துடன் ஓட்டி ‘நடப்பு’ மீது மாற்றுங்கள். இந்தப் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். கடைசி மூன்று கோப்புறைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். இருவர் ஒரே நேரத்தில் ஓட்டாதிருக்க ஸ்கிரிப்டை எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை வழியாகத் தொடங்குங்கள்.

பதில் 2 (குன்னூர்)

முழுவதும் ஏற்கிறேன். என் பங்குக்கு இரண்டு. கேவிஎம் என்பதால் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றை நீங்களே அமைக்கலாம். அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக வைத்து, சேவையகம் தொடங்கும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உருவாக்கத்தைக் காலை 10 மணிக்கு, அதாவது யுடிசி 4:30-க்கு மாற்றுங்கள். நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது, ஏனெனில் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கும் மற்றொரு டைமருக்கு 12 மணி நேரம் வரை தாமதம் உண்டு. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் என்ற நீட்சி ஒவ்வொரு தொகுப்பையும் உண்மையாகவே இறக்குமதி செய்துதான் விளக்கங்களை எடுக்கிறது. உங்கள் தொகுப்புகள் நம்பை, பாண்டாஸ் போன்ற பெரிய பைத்தான் நூலகங்களை இழுத்தால் அவையும் நினைவகத்தில் ஏறும். ஆவணத்துக்கு அவை தேவையில்லை என்றால், ஸ்பிங்க்ஸ் அமைப்புக் கோப்பில் ஆட்டோடாக்கின் ‘மாக் இம்போர்ட்ஸ்’ பட்டியலில் அவற்றின் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். பெயரளவுப் பொம்மைகளை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளும். எனக்கு ஸ்வாப்பைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கேட்டவர்

எல்லாவற்றையும் செய்துவிட்டு 16 நாள்கள் காத்திருந்து எழுதுகிறேன். பாண்டாஸைப் பட்டியலில் சேர்த்ததும் உருவாக்க நேரம் 9 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைந்தது. நினைவகம் தீர்ந்ததாகக் கெர்னல் பதிவில் ஒரு வரிகூட இல்லை. ஸ்வாப் கோப்பில் சில எம்பிக்கு மேல் ஏறவும் இல்லை. 2 ஜிபி திட்டம் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு நாள், ஒரு மாணவர் எழுதிய ஸ்பிங்க்ஸ் நீட்சியில் இருந்த பிழையால் உருவாக்கம் தோற்றது. ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றது. ‘நடப்பு’ முந்தைய நாளின் கோப்புறையையே சுட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியம் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லாததால் மறுநாள் காலையில்தான் அந்த மின்னஞ்சலையே பார்த்தேன். அதற்குள் ஜிப் கோப்பை இறக்கிய நால்வருக்கும் முந்தைய நாளின் முழு ஆவணம் கிடைத்திருந்தது. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். மூவருக்கும் நன்றி.