குடகுக் கத்தியின் மாதிரிக்கு உறை: தோலில் தைப்பதா, மரத்தில் கடைவதா?

பனசங்கரி வாசகர் (கேள்வி):

வணக்கம். குடகர்கள் தங்கள் பட்டுக் கச்சையில் முன்பக்கமாகச் செருகிக்கொள்ளும் பீச்சேகத்தியின் மாதிரி ஒன்றை அண்மையில் வாங்கினேன். அலகு 7 அங்குல நீளம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், கார்பன் ஸ்டீல். பிடி மரத்தாலானது, அதன் அடியில் பித்தளைப் பூண் இருக்கிறது. கத்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடவே வந்த ரெக்சின் உறையைத் தலைகீழாகப் பிடித்தால் கத்தி நழுவி விழுந்துவிடுகிறது. வீட்டு அலமாரியில் வைக்கத்தான் வாங்கினேன் என்றாலும், உறையும் பழைய மரபுக்குப் பொருந்த வேண்டும் என்று நினைக்கிறேன். பெங்களூரு சிவாஜிநகரில் தோல் வேலை செய்பவர் ஒருவர் நல்ல கெட்டித் தோலில் தைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

மல்லேஸ்வரம் மரவேலை:

மரபுதான் முக்கியம் என்றால் தோல் உறையை விட்டுவிடுங்கள். பழைய பீச்சேகத்திகளின் உறை பெரும்பாலும் மரம். அதன்மேல் பித்தளை அல்லது வெள்ளித் தகடு, பக்கத்தில் ஒரு சங்கிலி, அந்தச் சங்கிலியில் முள்வாங்கி, குறும்பிவாங்கி போன்ற சிறு கருவிகள் தொங்கும். உங்கள் அலகு அநேகமாக நேரானது என்பதால் வேலையும் எளிது. நேபாளத்துக் குக்ரிக் கத்தி போல நடுவில் அகன்று வளைந்திருந்தால் உறையின் வாயையும் அகலமாக்க வேண்டியிருக்கும். அப்போது பிடிமானம் கிடைப்பதே கஷ்டம்.

மரத்துக்குச் சன்னபட்டணம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பொம்மை கடையப் பயன்படும் ஆலெ மரம், அதாவது நம் ஊர் வெட்பாலை, இலேசானது, இழை நெருக்கமானது, உளிக்கு நன்றாக வழிவிடும். ஈரம் முற்றிலும் வற்றிய கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை மரத்தில் செய்த உறை காயக் காய முறுக்கிக்கொள்ளும். கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளிலும் அலகின் பாதித் தடிமனுக்குக் குடைய வேண்டும். அலகில் எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியை மெல்லியதாகத் தடவி உள்ளே வைத்து எடுத்தால், எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மரம் உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள். அலகின் கூரான விளிம்பு மரத்தில் எங்கும் படக் கூடாது. பிடியின் பூண் உறை வாயில் இறுக்கமாக உட்காருவதால்தான் கத்தி நிற்க வேண்டுமே தவிர, அலகு நெருக்குண்டு நிற்கக் கூடாது.

பாதிகளை ஒட்ட ஜப்பானிய வாளுறை செய்பவர்கள் சோற்றுப் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிற்காலத்தில் உள்ளே துரு சேர்ந்தால் உறையைச் சேதமில்லாமல் பிரித்துச் சுத்தம் செய்யலாம் என்பது அதன் வசதி. ஃபெவிகாலில் ஒட்டினால் அந்த வசதி போய்விடும்.

தோல் பிரியன்:

மரம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மரத்தின்மேல் தோல் போர்த்துவதும் இந்திய உறைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம்தான். எந்தத் தோல் என்பதில்தான் கவனம் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்டு வந்த தோல்தான் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று பெயர் பெற்று 2008இல் புவிசார் குறியீடும் வாங்கியது. பட்டைகளில் பதனிட்ட அந்த வகைத் தோலைக் கேட்டு வாங்குங்கள். நனைத்து மரத்தின்மேல் இழுத்துத் தைத்தால், உலரும்போது சுருங்கிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பித்தளைப் பூணில் தோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

கே.ஆர். புரம்:

வேறொரு விஷயம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கத்திகளுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று வரம்பு சொல்கின்றன. உங்களுடையது அதற்குள் அடங்குகிறது. எனினும் மெட்ரோவில் கத்தியோடு ஏற விடமாட்டார்கள். முதலில் அட்டையில் அலகின் வடிவத்தை வரைந்து வெட்டிக்கொண்டு தச்சரிடம் காட்டுங்கள்; கரி தடவிப் பார்க்கும் கட்டத்தில் மட்டும் கத்தியைத் தடித்த அட்டையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோங்கள்.

பனசங்கரி வாசகர்:

அனைவருக்கும் நன்றி. மரம் என்று முடிவு செய்துவிட்டேன். தோல் போர்த்தப் போவதில்லை. உறைக்கான வெள்ளிப் பூண்களை நகரத்துப்பேட்டையில் செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன். உறை முடிந்ததும் கத்தியை அதிலேயே வைத்துவிடலாமா?

மல்லேஸ்வரம் மரவேலை:

பூண்களுக்கு அவசரப்பட வேண்டாம். உறை ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்க்கட்டும். மரம் எவ்வளவு ஊதுகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்த பிறகு அளவெடுத்தால் வெள்ளி வீணாகாது. ஆணி அடிக்க நேர்ந்தால் அதன் முனை உள்குழிவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பத்தரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். அலகில் கோடு விழுந்தால் அழிப்பது எளிதல்ல.

உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். கண்ணாடி அலமாரியில் கத்தியும் உறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பார்ப்பதற்கும் அழகு, அலகுக்கும் காற்றோட்டம். துடைத்த பின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டைத் துணியில் தொட்டு அலகின்மேல் இழுங்கள். கடுகெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். அந்தப் பிசுக்கு உறைக்குள் போனால் தூசியெல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.