போன் கையோடு வந்தால் அது சாகசப் பயணமா?

ஒற்றையடிப்பாதை:
மலையோ கடலோ பாலைவனமோ, எங்கே போனாலும் ஸ்மார்ட்போனும் கூடவே வந்துவிடுகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் பக்கத்தில் உள்ள கோரக்ஷேப்பில் 2010-லேயே 3ஜி வந்தாயிற்று. வழி தப்பினால் வரைபடம், மேகம் திரண்டால் வானிலைச் செயலி, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடியோ கால். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடப்பதற்குத்தானே கிளம்பினோம்? போன் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

கரைவிளக்கு:
ஒப்புக்கொள்ளவே முடியாது. இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமியை மறந்துவிட்டீர்களா? 2018-ல் நடந்த கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் 1968 காலத்துக் கருவிகளை வைத்துத்தான் தனியாளாக உலகைச் சுற்ற வேண்டும்: சூரியனையும் விண்மீனையும் அளந்து இடம் கணிக்கும் செக்ஸ்டன்ட், காகித வரைபடம். நீங்கள் கேட்கிற அதே பயணம். செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே ஒரு சின்னச் செயற்கைக்கோள் கருவியில் குறுஞ்செய்தி தட்டினார். சுமார் மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அந்தக் கருவி மட்டும் இல்லையென்றால்?

ஒற்றையடிப்பாதை:
அந்தப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். வழி பார்க்கும் ஜிபிஎஸ்ஸை முத்திரை வைத்த பெட்டிக்குள் அடைத்துத்தான் அனுப்பினார்கள். ஆபத்துக்குக் குரல் கொடுப்பது வேறு, நாள் முழுக்க இணைப்பில் இருப்பது வேறு. டோமியே 2022-ல் அதே போட்டிக்குத் திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தாரே!

1968-ல் நடந்த முதல் போட்டியில் பிரெஞ்சு மாலுமி மொய்தெஸியே ரேடியோவே வேண்டாம் என்று போனவர். எதிரே வரும் கப்பல்களுக்கு உண்டிவில்லால் கடிதம் எறிந்தார். பரிசு வாங்கும் வாய்ப்பு இருந்தும், முடிவுக் கோட்டை நோக்கித் திரும்பாமல் பசிபிக் தீவான தாஹிதிவரை போய்க்கொண்டே இருந்தார். ஆயிரம் பேர் நேரலையில் பார்த்துக் கருத்து எழுதிக்கொண்டிருந்தால் அந்த முடிவை அவரால் நிம்மதியாக எடுத்திருக்க முடியுமா? என் கவலையெல்லாம் இதுதான். பார்க்கிறவர்கள் கூடவே வந்துவிட்டால் முடிவு நம்முடையதாக இருப்பதில்லை.

கரைவிளக்கு:
அதே போட்டியில் டொனால்ட் க்ரோஹர்ஸ்டும் இருந்தார். படகு தாங்காது என்று தெரிந்தும் திரும்பக் கூச்சப்பட்டு, இருக்கும் இடத்தைப் பற்றிப் பொய்த் தகவல் அனுப்பி, தனிமையில் மனம் உடைந்து, திரும்பி வராமலே போனார். இருப்பிடம் காட்டும் கருவி அன்று இருந்திருந்தால் அந்தப் பொய்யைத் தொடங்கவே முடிந்திருக்காது. தனிமை எல்லோருக்கும் மொய்தெஸியேவுக்குச் செய்ததையே செய்வதில்லை.

பனிமுகடு:
இருவரும் கடலிலேயே நிற்கிறீர்கள். மலையில் நடப்பதைச் சொல்கிறேன். நார்வேயின் டிரோல்துங்கா பாறைக்கு 2010-ல் வந்தவர்கள் சுமார் 800 பேர். 2016-ல் ஏறத்தாழ 80,000. எல்லாம் ஒரே ஒரு படத்தால். வெறும் பாறை நுனியில் ஒருவர் தனியாக நிற்கிறார். பின்னால் நிற்கும் வரிசையும், போய்வர ஆகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் படத்தில் விழுவதில்லை. சாதாரண ஷூவோடு வந்து பாதியில் தவிக்கிறார்கள்.

அப்புறம், குளிரில் லித்தியம் பேட்டரி நின்றுவிடும். வெளிப்பையில் 40 சதவீதம் காட்டிய போன், படம் எடுக்கத் தூக்கியதும் கருப்பாகிவிடும். உள்சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால்தான் உயிர் வரும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் டவர் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஆனால் காகித வரைபடம் படிக்கத் தெரியாமல் ஒரே பேட்டரியை நம்பி மேலே போகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒற்றையடிப்பாதை:
அதனால்தான் சொல்கிறேன், ஆபத்து நேரத்தில் அழுத்த ஒரு பீக்கன், அதாவது மீட்புக்கு அழைக்கும் கருவி, போதும்.

கரைவிளக்கு:
பீக்கன் யார், எங்கே என்று சொல்லும். "முதுகில் அடி, எழ முடியவில்லை" என்று சொல்லாது. வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வர வேண்டுமா என்று எப்படித் தெரியும்? அவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் வருகிறார்கள்.

ஒற்றையடிப்பாதை:
சரி, அது நியாயம். இருவழிச் செய்திக் கருவியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் மாலை "நலம்" என்று அனுப்பும் வேலைக்கு அதைத் தொடமாட்டேன். ஒரு நாள் செய்தி தவறினால் வீட்டில் பதறுவார்களே என்று, இருட்டிய பிறகும் சிக்னல் தேடி மேடேறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும் பாதையையும் திரும்பும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அந்தத் தேதி தாண்டினால் தேடட்டும்.