மறு: விக்கட் பிராப்ளம் – 'ஓயாச் சிக்கல்' பொருந்துமா?

வணக்கம்.

ஒரு பக்கம் தீர்த்தால் இன்னொரு பக்கம் உருமாறி முளைக்கும் சமூகச் சிக்கலை ஆங்கிலத்தில் 'விக்கட் பிராப்ளம்' (wicked problem) என்கிறார்கள்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இளங்கலை எழுத்துப் பயிற்சித் தாளுக்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது. பருவம் முழுக்க மாணவர்கள், திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆறு ஒன்றைப் பற்றியே எழுதப்போகிறார்கள்.

நம் குழுவில் ஐயா ஒருவர் சொன்ன 'கொடுஞ்சிக்கல்' ஒட்டவில்லை. 'விக்கட்' என்றால் கொடிய என்றும் பொருள் உண்டுதான். ஆனால் இதை விளக்கி எழுதிய திட்டமிடல் அறிஞர்கள் ரிட்டலும் வெப்பரும் 1973 கட்டுரையிலேயே, அறம் சார்ந்த தீமை என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை என்று தெளிவாக்கிவிட்டார்கள். கொடுமை என்றதும் மாணவர் ஒரு வில்லனைத் தேடுவார். சாயப்பட்டறை முதலாளி அகப்படுவார். கட்டுரை முடிந்தது!

'இடியாப்பச் சிக்கல்' பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இடியாப்பம் கை வைக்கக் கை வைக்க உருமாறுவதில்லை. நொய்யல் மாறியது. பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது; ஆறு தப்பித்தது, திருப்பூரில் பலருக்கு வேலை போனது. மறுபடி திறக்க வேண்டுமானால், முன்பே விதித்திருந்த 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிறைவேற வேண்டும். சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது. நீரை மீட்டபின் எஞ்சுவதைக் காய்ச்சி உப்பாக்க வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். திரும்பச் சாயமேற்ற உதவாத கலப்பு உப்போ மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது.

குழுவில் இன்னோர் அம்மா சொன்ன 'தீராச் சிக்கல்' கிட்டத்தட்டச் சரி. ஆனால் தீராது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் எவன் எழுதுவான்? என் பரிந்துரை 'ஓயாச் சிக்கல்'. ரிட்டலும் வெப்பரும் பட்டியலிட்ட பத்துப் பண்புகளில் ஒன்று, 'இத்தோடு நிறுத்து' என்று சொல்லும் விதி இதற்குக் கிடையாது என்பது. 'ஓயா' அதைப் பிடித்துவிடுகிறது.

பயிற்சியையும் அப்படியே அமைக்கலாம். 'அரசும் மக்களும் கைகோத்தால்' என்கிற பள்ளிக்கூட முடிவுரைக்கு இடமே கிடையாது. முதலில், அணையை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் ஆட்சியருக்குத் தரும் மனு. பிறகு அதற்குப் பட்டறைக்காரரின் பதில். அடுத்து உப்புக் கொட்டகை பற்றிய செய்திக்கட்டுரை. அதை எழுதியபின் முதல் மனுவைத் திருத்தி எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அந்தத் திருத்தத்துக்குத்தான்.

சொல்லடைவில் பிரித்துப் போடவா, சேர்த்தா?

---

சேர்த்தே போடுங்கள்: ஓயாச்சிக்கல். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தோழர், மனு விவசாயியுடையது, பதில் முதலாளியுடையது. 2011இல் வேலை போனவர் எதை எழுதுவார்? அவருக்கும் ஒரு பயிற்சி வையுங்கள், மனுவாக வேண்டாம், ஊருக்குப் போடும் கடிதமாக இருக்கட்டும்.