டை கொண்டு வெட்டிய துண்டுகள்: நட்சத்திரக் கட்டம் 12½ அங்குலத்துக்கு வரவில்லை, முக்கோண முனைகள் மறைகின்றன. உதவி தேவை

கதம்பம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல வண்ணத் துணிகளில் நட்சத்திரக் கட்டங்கள் வைத்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வருகிறேன். ஒரு கட்டத்தில் நான்குக்கு நான்காகப் பதினாறு இடங்கள். மூலைகளில் நான்கு சதுரம், நடுவில் நான்கு சதுரம், மீதி எட்டு இடங்களிலும் இரண்டிரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள்.

துண்டுகள் எல்லாவற்றையும் கைப்பிடி சுழற்றும் உருளைக் கட்டரில் டை (துண்டின் வடிவத்தில் பிளேடு பதித்து, சுற்றிலும் ஃபோம் வைத்த பலகை) வைத்து வெட்டினேன். தையலுக்கான கால் அங்குலம் டையிலேயே சேர்ந்திருக்கிறது. எனவே சதுரம் 3½ அங்குலம் வர வேண்டும்; தைத்து முடித்த கட்டம் 12½ அங்குலம் வர வேண்டும். எனக்கோ 12⅛ தான் வருகிறது. மூன்று நூல் (ஒரு நூல் என்பது ⅛ அங்குலம்) எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நட்சத்திரத்தின் முனைகளும் தையலுக்குள் போய் மழுங்கித் தெரிகின்றன.

இதனுடன் வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. மஞ்சள் துணியில் வெட்டிய சதுரங்கள் சரியான சதுரமாக இல்லை. ஒரு பக்கம் 3½ இருந்தால் மறுபக்கம் அரை நூல் குறைகிறது. மேலும், டையின் ஒரு மூலையில் எப்போதும் சில இழைகள் வெட்டுப்படாமல் நிற்கின்றன. அவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கிறேன்.

டை பழுதா? மாற்ற வேண்டுமா?

பாவும் ஊடையும் எழுதியது:

டையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது ஒரு சிக்கல் அல்ல, மூன்று தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் டையின் மேல் சந்தேகம் வருகிறது.

மஞ்சள் துணியை முதலில் பார்ப்போம். அதை எந்தத் திசையில் டையின் மேல் விரித்தீர்கள்? நெய்த துணியில் பாவு நூல் கரைக்கு இணையாக ஓடும். தறியில் இறுக்கிக் கட்டி நெய்யப்பட்டதால் அது அதிகம் இழுபடாது. ஊடை நூல் கரையிலிருந்து கரைக்குக் குறுக்கே ஓடும், அது இழுபடும். உருளை தன் அடியில் டையை இழுத்துச் செல்லும்போது, போகும் திசையில் துணியையும் சற்று இழுக்கிறது. அந்தத் திசையில் ஊடை நூல் இருந்தால் துணி நீண்ட நிலையில் வெட்டுப்படும். கட்டரைவிட்டு வெளியே வந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் அரை நூல் குறைவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். நெருக்கமில்லாமல் நெய்த துணியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

எனவே, கரை எப்போதும் உருளை ஓடும் திசைக்கு இணையாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டு, நன்றாக உலரவிட்டு, இஸ்திரி போட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு கஞ்சி வேண்டாம்; ஈரமும் சூடும் சேர்ந்து சின்னத் துண்டின் வடிவத்தையே மாற்றிவிடும். துணியைத் துவைப்பதாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன்பே துவையுங்கள். வெட்டிய துண்டைத் துவைத்தால் ஓரம் முழுவதும் பிரிந்துவிடும். அடர் சிவப்பும் கருநீலமும் கலந்த போர்வை என்றால் சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு கேள்வி: மற்றத் துணிகளின் சதுரங்கள், தைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் 3½ இருக்கின்றனவா?

கதம்பம் எழுதியது:

மிக்க நன்றி. மஞ்சள் துணி சிறிய துண்டாக இருந்ததால், வீணாகாமல் இருக்க அதைக் குறுக்கே வைத்துத்தான் வெட்டினேன். நீங்கள் கேட்டபடி மற்றத் துணிகளை அளந்து பார்த்தேன். எல்லாம் 3½ தான், இரண்டு பக்கமும். அந்தத் துணிகளை மட்டும் வைத்துத் தைத்த கட்டமும் 12⅛ தான் வருகிறது.

ஊசிக்காது எழுதியது:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது, தோழி. துண்டு சரியாக இருந்து கட்டம் சிறுத்தால், காரணம் தையல்தான்.

உங்கள் கட்டத்தை வைத்தே கணக்குப் போட்டேன். ஒரு வரிசையில் நான்கு துண்டுகள், நடுவில் மூன்று தையல்கள். ஒவ்வொரு தையலும் கால் அங்குலத்தைவிட 1 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலின் இரு பக்கமும் துணி போவதால் ஒரு தையலுக்கு 2 மி.மீ.; மூன்றுக்கு 6 மி.மீ. அந்த வரிசையில் முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் மூலைவிட்டத் தையலும் அதே அளவு உள்ளே போனால் ஒவ்வொன்றும் 1.4 மி.மீ. சிறுக்கும். மொத்தம் ஏறக்குறைய 9 மி.மீ. மூன்று நூல் என்பது 9.5 மி.மீ. நீங்கள் தேடிய மூன்று நூலும் இங்கேதான் இருக்கிறது! முனைகள் மறைவதற்கும் இதுவே காரணம்.

பல தையல் இயந்திரங்களில் சாதாரணப் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து கால் அங்குலத்தைவிடத் தள்ளியே இருக்கும். பாதத்தின் ஓரத்தை மட்டும் நம்பித் தைக்காதீர்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை அடுத்தடுத்துத் தைத்து, மடிப்பை ஒருபக்கம் சாய்த்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். மிகச்சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அதிகம் உள்ளே போகிறது என்று பொருள்.

சரிசெய்வது எளிது. ஒரு தாளில் ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் கோடு போட்டு, ஊசியை அந்தக் கோட்டின் மேல் இறக்குங்கள். தாளின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே இயந்திரத்தின் தட்டில் கனமான டேப்பை ஒட்டிவிடுங்கள். இனி துணி அந்த டேப்பை உரசிக்கொண்டு போகட்டும். ஊசியை இடம் வலமாக நகர்த்தும் வசதி இருந்தால் வலப்பக்கம் சிறிது நகர்த்தினாலும் போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகவே தைக்க வேண்டும். மடிப்புத் திரும்பும்போது துணியின் கனமே அந்த ஓர் இழையை எடுத்துக்கொள்ளும்.

பாவும் ஊடையும் எழுதியது:

ஊசிக்காது சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முக்கோணத்தின் நீளப் பக்கம் கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக, வெட்டுப்பட்டிருக்கும். சற்று இழுத்தாலும் நீளும். இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் தேய்க்காதீர்கள். வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள்.

டை வெட்டித் தரும் முனை நறுக்கிய முக்கோணம் ஒரு பெரிய வரம். நறுக்கிய பின் அதன் குட்டைப் பக்கம் 3½ அங்குலமே இருப்பதால் சதுரத்தோடு ஓரத்துக்கு ஓரம் பொருந்தும், ஊகிக்கவே தேவையில்லை. கையால் வெட்டினால் அதே முக்கோணத்துக்கு 3⅞ அங்குலச் சதுரத்தை இரண்டாக்க வேண்டும், தைத்த பிறகு வெளியே நீட்டும் காதுகளையும் நறுக்க வேண்டும். டையை மாற்ற நினைத்த உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

துணிப்பெட்டி எழுதியது:

வெட்டுப்படாத இழைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டையின் மேல் வைக்கும் பிளாஸ்டிக் மேட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அதே டையில் மறுபடி வெட்டிப் பாருங்கள். இழை நிற்கும் இடம் மாறினால் குறை மேட்டில். அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அதே மூலையில் நின்றால் டையின் பிளேடு அந்த இடத்தில் மழுங்கியிருக்கலாம், அல்லது ஃபோமுக்கும் பிளேடுக்கும் இடையில் நூல் பிசிறு அடைத்திருக்கலாம். பிசிறை ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம். மேட்டை ஒவ்வொரு முறையும் திருப்பித் திருப்பி வைத்தால் வளையாது, ஒரே இடத்தில் பள்ளமும் விழாது.

அடுக்குகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். அக்யூகுவில்ட் கோ போன்ற கட்டர்களில் பருத்தித் துணியை 6 அடுக்கு வரை வெட்டலாம் என்பார்கள். கஞ்சி போட்ட துணிக்கு நான் நான்கிலேயே நிறுத்திவிடுவேன். துணி பிளேடைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு நூலாவது வெளியே நிற்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பல வண்ணப் போர்வையில் நட்சத்திரம் தனித்துத் தெரிவது நிறத்தால் அல்ல, வெளிர் அடர் வேறுபாட்டால். துண்டுகளைத் தரையில் அடுக்கிக் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கண்ணுக்கு எவ்வளவு முரணாகத் தெரிந்தாலும் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகிவிடலாம். அப்படியானால் அந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கதம்பம் எழுதியது:

மூன்று பட்டைச் சோதனை செய்தேன். நடுப்பட்டை 2 மில்லிமீட்டர் குறைவு. ஊசிக்காது போட்ட கணக்கு அப்படியே! டேப் ஒட்டிய பிறகு தைத்த புதிய கட்டம் 12½ வந்துவிட்டது. எட்டு முனைகளும் கூர்மையாக நிற்கின்றன. மேட்டைத் திருப்பியதும் இழை நிற்கும் இடமும் மாறியது, ஆக டை நன்றாகவே இருக்கிறது. உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று. முன்பு தைத்த 12⅛ அங்குலக் கட்டங்களையும், வெட்டி வைத்த மஞ்சள் சதுரங்களையும் என்ன செய்வது? எல்லாவற்றையும் பிரித்துவிடவா?

துணிப்பெட்டி எழுதியது:

பிரித்துத் தைத்துவிடுங்கள். மழுங்கிய முனை பிறகு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஊசிக்காது எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை. கிராஸ் ஓரத்தில் போட்ட தையலைப் பிரித்தால் அந்த ஓரம் நீண்டுவிடும். இப்போது இருக்கும் ஒழுங்கும் போய்விடும். அதைவிட எல்லாக் கட்டங்களையும் சுற்றி ஒரே நிறத்தில் சட்டம் வைத்துத் தையுங்கள். புதிய கட்டத்துக்கு 1½ அங்குலப் பட்டை. தைத்ததும் 14½ அங்குலமாகும். பழைய கட்டத்துக்கு 1¾ அங்குலப் பட்டை. அது 14⅝ வரும், நாற்புறமும் சமமாக நறுக்கி 14½ ஆக்கிவிடலாம். சட்டத்தின் அகலத்தில் ஒன்றரை நூல் வேறுபாடு இருக்கும். போர்வையில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

மஞ்சள் சதுரங்களையும் எறிய வேண்டாம். அரை நூல் குறைவைத் தையலிலேயே சமாளிக்கலாம். இரண்டு முனைகளையும் பொருத்திக் குண்டூசி குத்தி, நீளமான துண்டு கீழே, இயந்திரத்தின் பல் பக்கம் இருக்கும்படி வைத்துத் தையுங்கள். கீழ்த்துணியைப் பல் சற்று வேகமாக இழுப்பதால் அந்த மிச்சம் சுருக்கமில்லாமல் உள்வாங்கிக்கொள்ளும்.