பெயர் பொறித்த பதக்கத்துக்கு விலை போடலாமா? விற்பனைப் பகுதிக்கான புதிய விதி பற்றி

#1 கல்வெட்டுக்காரர் (மட்டுறுத்துநர்)

நம் சேகரிப்பாளர் தளத்தின் விற்பனைப் பகுதிக்கு ஒரு விதி முன்மொழியப்பட்டிருக்கிறது: "விளிம்பில் வீரர் பெயர் பொறித்த போர்ப் பதக்கங்களை இங்கே விலைக்கு விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. குடும்பத்தாரைத் தேடும் பதிவுகளுக்கு மட்டும் அனுமதி." பெயரில்லாத பதக்கம், நாடா, தொப்பிச் சின்னம் எதுவும் இதில் வராது. உங்கள் வாதங்களைச் சொல்லுங்கள். சொந்தப் பெட்டியின் பெருமை வேறு இழையில்.

#2 வெள்ளிக்காசு

முழுக்க எதிர்க்கிறேன். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 36 மி.மீ. விட்டம், ஸ்டெர்லிங் வெள்ளி, எடை ஏறக்குறைய ஒரு டிராய் அவுன்ஸ். வெள்ளியில் மட்டும் 65 லட்சம் அளவுக்குக் கொடுத்தார்கள். 1980 ஜனவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலை அவுன்ஸ் 50 டாலரை ஒட்டி ஏறியபோது, பதக்கமாக விற்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்றானது. பிரிட்டனில் கூடை கூடையாக உலைக்குப் போயின. இன்று சந்தையில் அதோடு சேர்த்துக் கொடுத்த வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாக அத்தனை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது வெண்கலம், உருக்கினால் காசு பேராது, அதனால் தப்பித்தது.

நம் ஊர் அடகுக்கடையில் மட்டும் வேறு கதையா? மீட்காத பதக்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொலுசுக்குப் போட்டுவிடுவார்கள். சேகரிப்பவர் வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாயாவது கூட்டித் தருகிறார் என்பதுதான் அந்தப் பெயருக்கு இருக்கும் ஒரே காவல். விலையை எடுத்துவிட்டால் காவலும் போச்சு.

#3 காப்பகவாசி

வெள்ளிக்காசு ஐயா, அதே விலைதான் திருடனையும் வீட்டுக்குள் கூட்டி வருகிறது.

நாயக் கிர்பா ராம். 1945 செப்டம்பரில் பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவியில் பயிற்சியின்போது தவறி விழுந்த குண்டை எடுத்து எறியப் பாய்ந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரைவிட்டவர். போர்முனைக்கு வெளியே காட்டிய வீரத்துக்குப் பிரிட்டன் தரும் உச்ச விருதான ஜார்ஜ் சிலுவை இறந்தபின் வழங்கப்பட்டது. இமாசலத்தில் இருந்த அவர் மனைவியிடமிருந்து அது 2002இல் திருடு போனது. 2009இல் லண்டன் ஏலப் பட்டியலில் தலைகாட்டியது. விஷயம் வெளியே வந்து விற்பனை நின்றது.

கிராமத்து வீட்டுப் பெட்டியிலிருந்து ஒருவன் வெண்கலமோ வெள்ளியோ எடுத்துப் போகிறான் என்றால் உலோகத்துக்காகவா போகிறான்? ஜார்ஜ் சிலுவையில் இருக்கும் வெள்ளி எவ்வளவு பெறும்? திருடனுக்கு விலை தெரிந்திருக்கிறது. அந்த விலையை உண்டாக்கியது நாம்.

#4 வெர்னியர்

இரண்டு பேருமே பதக்கம் அசல்தான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். விலை செய்யும் இன்னொரு கேட்டையும் பாருங்கள்: பெயர் மாற்றம்.

சாதாரணப் படைப்பிரிவின் பெயர் இருந்தால் ஒரு விலை, பேர்போன சண்டையில் நின்ற படைப்பிரிவு என்றால் பல மடங்கு. ஆகவே விளிம்பை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயரை அடிக்கிறார்கள். வெர்னியர் காலிப்பரை வைத்து நான்கு திசையிலும் அளந்து பாருங்கள். 36 மி.மீ. இருக்க வேண்டியது ஓரிடத்தில் 35.6, இன்னோரிடத்தில் 35.8 என்று வந்தால் ராவியிருக்கிறார்கள். தொங்குபட்டையைப் பிடித்திருக்கும் நகம் போன்ற பகுதிக்குப் பக்கத்தில் அரம் சரியாகப் போகாது. அங்கே பழைய எழுத்தின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்சில் பார்த்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. செதுக்கிய எழுத்தெல்லாம் போலி இல்லை. 1914–20 பதக்கங்களில் எழுத்து அச்சால் அடித்திருக்கும், ஒவ்வொரு எழுத்தும் தனிக் குழியாக. ஆனால் அதற்கு முந்தைய இந்தியப் பொதுச்சேவைப் பதக்கங்களில் இந்தியப் படைப்பிரிவினரின் பெயர்கள் பெரும்பாலும் தொடரெழுத்தாகக் கையால் செதுக்கியவை. அது தெரியாமல் நல்ல பதக்கத்தைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, புளியும் விபூதியும். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பதக்கத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். தேய்ந்து போவது அரசர் முகம் மட்டுமல்ல, விளிம்பெழுத்தும்தான். பி.வி.சி. உறையும் வேண்டாம், பச்சைப் பிசின் கக்கும்.

#5 தராசு

வணிகர் தரப்பில் ஒன்று சொல்லவேண்டும். தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ரஷ்யாவில் சோவியத் காலப் பதக்கங்களை வாங்கினாலும் விற்றாலும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு பாயும். அப்படியும் பழஞ்சந்தைகளில் கடைபரப்பி விற்றார்கள். வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்கு மூட்டை மூட்டையாகப் போயிற்று. ஒளிந்து நடக்கும் வியாபாரத்தில் யாரிடமிருந்து வந்தது என்ற சீட்டு கிடைக்காது.

அமெரிக்காவில் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை விற்பது மட்டும் குற்றம். போரில் காயம்பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட்டை விற்கலாம். எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலிய வழி. அங்கே ஆஸ்திரேலிய வீரர்கள் பெற்ற விக்டோரியா சிலுவையை, அதாவது போர்முனை வீரத்துக்கான உச்ச விருதை, விற்கலாம், நாட்டைவிட்டு வெளியே அனுப்பத்தான் முடியாது. கல்லிப்போலியில் சண்டையிட்ட கேப்டன் ஆல்ஃபிரட் ஷவுட்டின் சிலுவை 2006இல் சிட்னி ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிற்று. வாங்கிய தொழிலதிபர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்துக்கே கொடுத்துவிட்டார். குடும்பத்துக்குப் பணம், நாட்டுக்குப் பதக்கம். இதில் யாருக்கு என்ன நட்டம்?

#6 காப்பகவாசி

அந்த நல்ல முடிவுக்கு ஒரு கோடீஸ்வரரின் மனசு வேண்டியிருந்தது, தராசு. சாதாரணச் சிப்பாயின் பதக்கத்துக்கு எந்தக் கோடீஸ்வரர் வருவார்?

பாஸ்ரா நினைவுச்சின்னத்தை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப்போரில் மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாதவர்களுக்காக எழுப்பியது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் பலகையில் வரிசையாக இருக்கும். இந்தியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளுக்குப் பெயர். மற்றவர்களுக்குப் படைப்பிரிவின் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண் மட்டும். பெயர்கள் பதிவேட்டோடு நின்றன. அப்படிப்பட்ட ஒரு சிப்பாய்க்கு உலோகத்தில் பெயர் வெட்டியிருக்கும் ஒரே இடம் அந்தப் பதக்க விளிம்பாக இருக்கலாம். அதைக் கூறுகட்டி விற்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

#7 வெள்ளிக்காசு

நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் வலு. பெயர் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை உலையிலிருந்து காப்பாற்றுகிறவனை ஏன் அடிக்கிறீர்கள்?

வேடிக்கை ஒன்று. அதே போர்ப் பதக்கத்தை வெண்கலத்திலும் அடித்தார்கள், ஒரு லட்சத்துச் சொச்சம். சீன, மால்ட்டா, இந்தியத் தொழிற்படையினருக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் கொடுத்தது. வெள்ளி தரத் தகுதியில்லை என்று அன்று நினைத்தார்கள். இன்று அபூர்வம் என்பதால் வெண்கலத்துக்கே மதிப்பு அதிகம். சுமைதூக்கியின் பெயரைத் தேடிப் படிக்கிறவன் அரசாங்கமில்லை, சேகரிப்பவன்.

#8 வெர்னியர்

அதற்காகத்தான் வெள்ளிப் பதக்கத்தின் வார்ப்பு நகல்களும் வெண்கலமாக வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அசலை அச்சாக வைத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். விட்டம் அரை மி.மீ. குறையும், மணல்புள்ளி தெரியும், எழுத்தின் ஓரம் மழுங்கும். இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த 120 மி.மீ. நினைவு வட்டிலுக்கும் விட்டத்தை அளந்து பார்க்கலாம்.

#9 காப்பகவாசி

சரி, சேகரிப்பவர் காப்பாற்றுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தொகுதியை ஏன் உடைக்கிறார்கள்? 1914–15 நட்சத்திரம், போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் மூன்றும் ஒரே ஆளுக்கு வந்தவை. நட்சத்திரத்தின் பின்பக்கத்திலும் மற்ற இரண்டின் விளிம்பிலும் அதே எண், அதே பெயர். தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்ததும் மூன்றும் மூன்று ஊருக்குப் போகின்றன. அண்ணன் தம்பி பதக்கங்கள் ஒரே பெட்டியில் இருந்தால் அதையும் பிரிக்கிறார்கள். உலை செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, மெதுவாக.

#10 தராசு

உடைப்பதை நானும் ஏற்கமாட்டேன். இதற்கு விதி போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

#11 வெள்ளிக்காசு

ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் உலகப்போர் பதக்கங்களுக்கு அந்த விதி எப்படி ஓடும்? பிரிட்டன் தன் வீரர்களுக்கு அவற்றைப் பெயரில்லாமலே அனுப்பியது. யாருடைய தொகுதி என்பதற்குச் சாட்சி கூட வந்த தாள்தான். தாள் போனால் எல்லாம் போச்சு.

#12 காப்பகவாசி

விதி பெயருள்ளவற்றுக்குத்தானே. பேச்சை வேறு பக்கம் இழுக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் தொடவில்லை. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தொல்பொருள் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. "லண்டனில் நல்ல விலை போகும், கூரியரில் அனுப்பலாம்" என்று இங்கே யோசனை சொல்கிறவர்கள் அடுத்தவரை வழக்கில் மாட்டிவிடுகிறார்கள்.

#13 தராசு

ஏற்றுமதி பற்றிச் சொன்னது சரி, வாதமில்லை. அந்த மாதிரி யோசனைகளை நீக்கிவிடலாம்.

ஆனால் "குடும்பத்தைத் தேடும் பதிவுக்கு மட்டும் அனுமதி" என்பது காகிதத்தில்தான் அழகு. மதராஸ் சப்பர், அதாவது பொறியியல் படைவீரர், ஒருவரின் பதக்கத்தை எடுங்கள். விளிம்பில் ஓர் எண், பதவி, ஒற்றைப் பெயர், "2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." என்ற படைப்பிரிவுச் சுருக்கம், அவ்வளவே. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. முனுசாமி என்று இருந்தால் வட ஆற்காட்டு முனுசாமியா, சேலத்து முனுசாமியா? எண் படைப்பிரிவுக்குள் மட்டுமே செல்லும். வேறு படைப்பிரிவில் அதே எண்ணில் வேறொருவர் இருப்பார்.

#14 வெர்னியர்

தேட வழியே இல்லை என்பதுபோல் பேச வேண்டாம். வரிசை இது. முதலில் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் விளிம்பில் உள்ளபடியே படியெடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பட்டியலிலும் இருக்கும். அடுத்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பதக்க அட்டைகள். இந்தியப் படையினரும் அதில் வருகிறார்கள். இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவு. சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் இருக்கும். கடைசியாகப் பெங்களூரில் உள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்குக் கடிதம்.

1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனவை பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவுகள். "ஆவணம் எல்லாம் எரிந்துவிட்டது" என்று இந்தியச் சிப்பாய்க்கும் சேர்த்துச் சொல்லி விற்பவரைக் கண்டால் விலகிப் போங்கள்.

#15 கல்வெட்டுக்காரர் (மட்டுறுத்துநர்)

விதியைத் திருத்தி வைக்கிறேன். பெயருள்ள பதக்கத்தை விற்பனைக்குப் போடும் முன் 90 நாள் தேடல் பதிவு கட்டாயம். தொகுதியை உடைக்கக் கூடாது. யாரிடம், எப்போது வாங்கியது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்றுமதிப் பேச்சு நீக்கப்படும். வீரச்செயலுக்கான பதக்கங்களுக்கு, அதாவது விக்டோரியா, ஜார்ஜ் சிலுவைகள் முதல் பரம்வீர் சக்ரா வரை, விற்பனை அறவே இல்லை.

#16 வெள்ளிக்காசு

90 நாளை ஒப்புக்கொள்கிறேன். குடும்பம் வந்தால் வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், லாபம் வைக்காமல். ஆனால் கடைசி வரி வேண்டாம். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடிமேல் விழுந்து மற்றவர்களைக் காத்த சுபேதார் சுப்ரமணியனின் ஜார்ஜ் சிலுவை போன்ற ஒன்று நாளை வெளிநாட்டு ஏலத்துக்கு வந்தால், திருட்டுப் பொருள் இல்லை என்று உறுதியானபின், வாங்கி இங்கே கொண்டுவர ஆள் திரட்டக்கூட இந்தத் தளத்தில் வழியிருக்காது.

#17 காப்பகவாசி

ஆள் திரட்டுவது விற்பனை ஆகாது. அதற்குத் தனி இழை போடலாம். கடைசி வரி இருக்கட்டும்.

#18 வெர்னியர்

தேடல் பதிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. விளிம்பை முழுதாகப் படமெடுத்துப் போட்டால் போலி செய்பவனுக்கு எண், பதவி, பெயர், எழுத்துரு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். ராவிய பதக்கத்தில் அப்படியே அடித்துவிடுவான், ஆவணத்தோடும் பொருந்தும். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துப் போடுங்கள். உரிமை கோருகிறவர் அந்த இரண்டைச் சொல்லட்டும்.

#19 காப்பகவாசி

ஓய்வூதியத் தாளைக்கூடக் கரையான் தின்றுவிட்ட வீட்டில் அந்த இரண்டு இலக்கம் யாருக்குத் தெரியும்? அவர்களிடம் மிஞ்சியிருப்பது பெயரும் "பட்டாளத்துக்காரர் வீடு" என்ற பேச்சும்தான். எண்ணை மறையுங்கள், சம்மதம். சோதனையை எண்ணில் வைக்காதீர்கள், ஊரில் வையுங்கள்: கல்லறை ஆணையப் பதிவிலோ படைப்பிரிவு தரும் பதிலிலோ உள்ள ஊர்ப் பெயரைப் பதிவில் போடாமல் வைத்துக்கொண்டு, வருகிறவரிடம் கேளுங்கள்.

#20 வெர்னியர்

ஊர் கிடைத்த பதக்கத்துக்கு அது சரி. கிடைக்காததற்கு?