சாப்பாடு போடும் அக்காவை நான்காம் வகுப்புப் பையன் திட்டிவிட்டான், என்ன செய்வது?

ஈராசிரியர் டீச்சர்:
தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் அரசுத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 41 பிள்ளைகள். நானும் தலைமையாசிரியரும் மட்டும்தான். போன புதன்கிழமை காலை உணவு நேரம், பொங்கலும் சாம்பாரும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டான். "இரு தம்பி, கடைசி வரைக்கும் ஊத்திட்டு வர்றேன்" என்றார் சமைக்கிற அக்கா. மகளிர் குழுவிலிருந்து வருகிறவர். அவன் பட்டென்று ஒரு வார்த்தை சொன்னான். இங்கே எழுத முடியாது, தாயை இழுத்துச் சொல்வது. வரிசையில் பாதிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"முதுகில் ரெண்டு வைத்திருக்க வேண்டும்" என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு அடிப்பதில் உடன்பாடு இல்லை. ஆனால் "அப்படியெல்லாம் பேசக் கூடாதுப்பா" என்று சொல்லி அனுப்பியதும் போதவில்லை என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கரிசல்காட்டான்:
உங்கள் தலைமையாசிரியர் சொல்வதுதான் சரி. நான் ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் காலத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று அப்பாக்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். வகுப்பில் ஒருவன் வாயிலும் கெட்ட வார்த்தை வராது. இப்போது பையனைத் தொட்டால் கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் போன் போகிறது. வாத்தியார் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் வாயை மட்டும் யார் கட்டுவது?

நூல்கண்டு:
ஐயா, வகுப்பில் வராது, சரி. வெளியே? நீங்கள் அடித்து வளர்த்த பையன்கள்தான் இன்றைக்கு அப்பாக்கள். இந்தப் பிள்ளை அந்த வார்த்தையை அவர்களிடமிருந்துதான் கற்றிருப்பான். அடி வேலை செய்திருந்தால் ஒரு தலைமுறைக்கு முன்பே அது செத்துப் போயிருக்க வேண்டும்.

அப்புறம், இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடல் தண்டனை மட்டுமல்ல, மனதைக் காயப்படுத்துவதும் கூடாது. பிள்ளைகளை "எருமை", "தறுதலை" என்று கூப்பிடும் வாத்தியார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரிசல்காட்டான்:
சட்டம் எனக்கும் தெரியும் அம்மா. அது அமலுக்கு வந்த 2010-இல் நான் சர்வீஸில்தான் இருந்தேன். பேசித் திருத்துங்கள் என்கிறீர்கள். யார் பேசுவது, எப்போது? ஒரே அறையில் ஒருபக்கம் ஒன்றாம் வகுப்பு 'அ' எழுதுகிறது, மறுபக்கம் மூன்றாம் வகுப்பு கழித்தல் கணக்குப் போடுகிறது. நடுவில் எமிஸ் பதிவு, அதாவது பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றுகிற வேலை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று எழுதியதும் அதே சட்டம்தான். அதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
அதில் உங்களோடு சண்டை போட மாட்டேன்.

ஒரு அப்பா:
எதற்கு இவ்வளவு பேச்சு? டிசியைக் கொடுத்து அனுப்புங்கள். அவனால் மற்ற நாற்பது பிள்ளைகளும் கெட்டுப்போகும்.

நூல்கண்டு:
தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. பிரிவு 16. அனுப்பினாலும் பக்கத்து ஊரில் சேருவான், வார்த்தையையும் பையில் போட்டுக்கொண்டுதான் போவான்.

சுண்ணக்கட்டி:
நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்தான். வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வரும். கால் தடுக்கினால் வாயில் வருவது ஒரு ரகம். அதற்கு நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதிர்ச்சியைக் காட்டினால் நாளைக்கு நம்மை அதிரவைக்கவே சொல்வான். ஒருவரைப் பார்த்து எறிவது வேறு. சாதிப் பெயரையே வசவாகச் சொல்வது இருக்கிறதே, அது வந்தால் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிடுவேன்.

போன வருடம் ஒருவனைத் தனியாக உட்காரவைத்து, இதற்கு என்னடா அர்த்தம் என்று கேட்டேன். "கோவம் வந்தா சொல்றது சார்" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. கேம் விளையாடிக்கொண்டே லைவில் பேசுகிற அண்ணன்களிடமிருந்து வந்திருக்கிறது. "கோபம் வந்தால் 'எனக்குக் கோபமா இருக்கு'ன்னு சொல்லு" என்று பழக்கினேன். இரண்டு மாதம் ஆனது. மனப்பாடச் செய்யுளை ஐம்பது தடவை இம்போசிஷன் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். கெட்ட வார்த்தை போகாது, செய்யுள்தான் கசந்துபோகும்.

அடுப்படி:
பையனை அடிப்பதா, பேசுவதா, அனுப்புவதா என்று இத்தனை பதில்கள். அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

என் அம்மா சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருந்தவர். சுண்ணக்கட்டி சார், அர்த்தம் தெரியாது என்கிறீர்கள். அதே பையன் தலைமையாசிரியரைப் பார்த்து அதைச் சொல்வானா? மாட்டான். யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிந்திருக்கிறதே.

கரிசல்காட்டான்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பயம் வேண்டும்.

அடுப்படி:
பயம் இருக்கிறது சார். உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களை விட்டுவிட்டு அக்காவிடம் சொல்கிறான். பிரம்பு வைத்திருப்பவருக்கு மரியாதை, கரண்டி வைத்திருப்பவருக்கு வசவு. இதைக் கற்றுக்கொடுத்தது யார்? உங்கள் பள்ளியில் பெரியவர்கள் அந்த அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "ஏம்மா, இங்க வா" என்றா?

சுண்ணக்கட்டி:
நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த எடைபோடலையும் அவனாகக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்துப் படித்ததுதான். அதனால் என் முறையை அப்படியே தூக்கிப்போட மாட்டேன்.

ஈராசிரியர் டீச்சர்:
அடுப்படி கேட்டதைப் படித்துவிட்டு நேற்று அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, நாலு நாள் கழித்துத்தான் போயிருக்கிறேன். "அடிச்சிராதீங்க டீச்சர், அவங்க அப்பா வந்து என்னையத்தான் கேப்பாரு" என்றார் முதலில். அப்புறம், "அவன் சொன்னதுகூடப் பரவாயில்ல. எல்லாரும் சிரிச்சாங்க பாத்தீங்களா" என்றார்.

தலைமையாசிரியரும் நானும் பேசினோம். இனி நாங்கள் இருவருமே அவரைப் பெயரோடு அக்கா சேர்த்துத்தான் கூப்பிடுவது. தினமும் ஒருவர் பக்கத்தில் நின்று பரிமாறுவது. இன்று தலைமையாசிரியரே சாம்பார் வாளியைப் பிடித்தார், முகம் கொஞ்சம் கடுகடு என்றுதான் இருந்தது. பையனின் அம்மாவை மட்டும் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன். சிரித்த பிள்ளைகளோடும் பேச வேண்டும், எப்படித் தொடங்குவது என்று இன்னும் பிடிபடவில்லை.

கரிசல்காட்டான்:
பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள் டீச்சர். முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே, அதில் பாதிக்குப் பாதி பெண்கள். பையன் பெயரைச் சொல்லாமல் வையுங்கள். (அடி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.)

ஈராசிரியர் டீச்சர்:
வைக்கிறேன் சார். இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் மகள் எங்களிடம்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். புதன்கிழமை அந்த வரிசையில் அவளும் இருந்தாள். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. மணி அடித்த பிறகு நேராக வகுப்புக்கு வருகிறாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள்.

அடுப்படி:
சின்ன வயதில் நானும் அப்படித்தான் சொல்வேன் டீச்சர். ஏன் வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டாள். அவளோடு ஒட்டிக்கொண்டு திரியும் பிள்ளை ஒன்று இருக்கும். அதனிடம் சொல்லி, நாளைக்கு வரும் வழியில் வீட்டுக்குப் போய்க் கூட்டிவரச் சொல்லுங்கள். என்னை அப்படித்தான் ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள்.