நேர்பெறு அஞ்சலா, வந்துபெறு அஞ்சலா?

> ஸ்பானிஷ்–தமிழ் அஞ்சல் சொற்றொடர்த் தொகுப்பில் 'லிஸ்தா தெ கோர்ரேயோஸ்' என்பதற்கு 'அஞ்சல் பட்டியல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா, ஐயா?

வணக்கம் அம்மா. அதை மாற்றிவிடுங்கள். 'அஞ்சல் பட்டியல்' என்றால் மின்னஞ்சல் குழு என்றுதான் படிப்பவர் நினைப்பார். லிஸ்தா தெ கோர்ரேயோஸ் என்பது ஒரு சேவை: வீட்டு முகவரி இல்லாதவருக்கு வரும் கடிதத்தை ஸ்பெயின் அஞ்சலகம் எடுத்து வைத்திருக்கும். அவர் பாஸ்போர்ட்டுடன் போய்க் கேட்டால் கொடுக்கும். சொல்லில் இந்த வேலை தெரிய வேண்டும்.

இதே சேவைக்கு உள்ள 'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்ற பிரெஞ்சுப் பெயரை ஒட்டி 'இருப்பு அஞ்சல்' எனலாம். ஆனால் நம் தபால் ஆபீஸில் இருப்பு என்றாலே சேமிப்புக் கணக்குதான். 'தேக்க அஞ்சல்' என்றால் பட்டுவாடா ஆகாமல் குவிந்து கிடப்பது என்றாகிவிடும். என் பரிந்துரை 'நேர்பெறு அஞ்சல்'.

இதை 'அபார்தாதோ தெ கோர்ரேயோஸ்' என்பதோடு கலந்துவிடக் கூடாது. அது வாடகைக்கு எடுக்கும் பெட்டி. பின்கோடே வேறு: மாட்ரிட்டில் லிஸ்தாவுக்கு 28070, அபார்தாதோவுக்கு 28080. முதல் இரண்டு இலக்கம் மாகாணம். பார்சிலோனா என்றால் 08070. தெருவில் நிற்கும் மஞ்சள் பெட்டி 'புசோன்'. மூன்றாவது இது. தொகுப்பில் புசோனுக்கு மட்டும் 'தபால் பெட்டி' என்று வையுங்கள். அபார்தாதோவுக்கு 'வாடகைப் பெட்டி' போதும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், பெட்டி எண் கேட்கிற இடத்தில் ஆள் தெருப்பெட்டியைத் தேடிப் போவார்.

> 'நேர்பெறு' இடிக்கிறது ஐயா. பதிவுத் தபாலையும் நேரில் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்குகிறோம்?

நியாயமான மறுப்பு. பதிவுத் தபாலில் தபால்காரர் வீட்டுக்கு வருகிறார், இதில் பெறுபவர் அஞ்சலகத்துக்கு வருகிறார். அப்படியானால் 'வந்துபெறு அஞ்சல்' என்போம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'வந்துபெறு அஞ்சலாக அனுப்பு', 'வந்துபெறு முகவரி'. இரண்டும் தடங்கலில்லாமல் வருகின்றன.

பதிவுத் தபால் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'கார்த்தா செர்திஃபிகாதா' என்பதைச் 'சான்றளிக்கப்பட்ட கடிதம்' என்று எழுதாதீர்கள். அது பதிவுத் தபாலேதான். 'அவீசோ தெ ரெசீபோ' நம் ஒப்புகை அட்டை. இவற்றுக்குப் புதுச்சொல் தேடுவது வீண். 'தபால்தலை' வரிசையில் மட்டும் ஊர்க்குறிப்பு சேருங்கள்: ஸ்பெயினில் 'சேயோ', அர்ஜென்டினாவில் 'எஸ்தாம்பீயா', மெக்சிகோவில் 'திம்ப்ரே' என்றும் கேட்கலாம். ஸ்பெயினில் 'எஸ்தாங்கோ' என்ற புகையிலைக் கடையிலும் தபால்தலை கிடைக்கும். அஞ்சலகம் மூடியிருக்கும் நேரத்தில் இது உதவும்.

கவுன்டரில் கேட்க வேண்டிய வாக்கியம்: 'ஆய் ஆல்கோ பாரா மீ என் லிஸ்தா தெ கோர்ரேயோஸ்?' வந்துபெறு அஞ்சலில் எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று பொருள். எழுத்தில் முதலில் எச் இருந்தாலும் ஒலிக்காது, 'ஹாய்' என்று பழக்கிவிடாதீர்கள்.

> உறையில் பெயரை எப்படி எழுதச் சொல்ல?

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல். நம்மவர் பெயரில் சிக்கலே இங்குதான். ஸ்பெயினில் பெயருக்குப் பின் தந்தைவழி, தாய்வழி என இரண்டு குடும்பப்பெயர் வரும். கடிதத்தைக் குடும்பப்பெயர் வரிசையில் தேடுவார்கள். 'க. முருகன்' என்று இனிஷியலோடு எழுதினால் எந்த எழுத்தில் தேடுவது என்று கவுன்டரில் குழம்பும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், கடிதம் வாங்கப் போகிறவர் தன் பெயரின் இரு பகுதியையும் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும்.

உறையில் பெயர், அடுத்து லிஸ்தா தெ கோர்ரேயோஸ், அடுத்து பின்கோடும் ஊரும். இந்தியாவிலிருந்து அனுப்பினால் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போடுங்கள். இங்கே கடிதங்களை நாடுவாரியாகப் பிரிப்பவர் படிப்பது அந்த வரியைத்தான்.